கொழுக்கட்டையும் யாழ்ப்பாணச் சமூகமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

உணவுப் பண்டங்களின் வரலாறு எமது ஆய்வாளரின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. அரசர், போர், கோயில், காப்பியம் என்பனவே வரலாற்றின் பொருள்கள் எனக் கொண்ட மரபில் அடுப்பங்கரைக்கு இடமிருக்கவில்லை. உணவைப் பற்றி எழுதியோரும் பெரும்பாலும் அதன் சுவையையோ பழம்பெருமையையோ பாராட்டுவதுடன் அமைந்தனர். ஆயின் ஒரு சமூகம் எதனை விளைவித்தது, எவர் உழைப்பால் விளைவித்தது, விளைந்ததை எவருக்கு எவ்வாறு பங்கிட்டது என்னும் வினாக்களுக்கு அச்சமூகத்தின் உணவைப்போல நேர்மையாக விடைகூறும் சான்றுகள் சிலவே. கல்வெட்டுப் பொறித்தவன் கூறவிரும்பாததையும் உண்கலம் கூறிவிடும்.

இக்கட்டுரை கொழுக்கட்டையை எடுத்துக்கொள்கின்றது. அரிசி மாவாலாகிய உறையினுள் பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை ஆகியவற்றின் கலவையை வைத்து மூடி ஆவியில் அவித்துக் கையில் ஏந்தி உண்ணும் இப்பண்டம் தமிழர் வாழும் இடமெங்கும் உள்ளது. மலையாளம், கன்னடம், தெலுங்கு, மராத்தி ஆகிய மொழிகள் பேசும் நிலங்களிலும் இதன் உறவினங்கள் உள. யாழ்ப்பாணத்தார் பிறைவடிவில் மடித்து விளிம்பைப் பல்லுப்பல்லாகக் கிள்ளி எடுப்பதைக் கொழுக்கட்டை என்றும், உருண்டையாகப் பிடித்து உச்சியைக் குவித்து எடுப்பதை மோதகம் என்றும் வேறுபடுத்துவர். உள்ளே வைக்கும் கலவைக்கு அவர்கள் வழங்கும் பெயர் உள்ளுடன் என்பது. முன்னது ஆடிப்பிறப்புக்கும் குழந்தையின் பற்சடங்குக்கும் சிறப்பாக உரியது; பின்னது பிள்ளையாருக்கு உரியது. நல்லூரையும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களையும் களமாகக் கொண்டு இப்பண்டத்தின் வரலாற்றை நோக்குவோம்.

2

மோதகம் பிள்ளையாரின் பண்டம் என்பது பொதுவான நம்பிக்கை. வரலாறு இதனைச் சிறிது திருத்துகின்றது. மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சியில் மோதகம் இடம்பெறுகின்றது. அங்கு அது கோயிலில் இல்லை. மதுரையின் அங்காடியில் உள்ளது. இரவு முதிரும் வேளையில் அப்பவாணிகராகிய கூவியர் தம் பண்டங்களுடன் தூங்கிவிழும் காட்சியிலேயே மெல்லிய அடையும் மோதகமும் கூறப்படுகின்றன. உள்ளீட்டுடன் பிடிக்கப்பட்டது என்னும் குறிப்பும் அங்கு உண்டு. பருப்பும் தேங்காயும் அவ்வுள்ளீடு என்பது நச்சினார்க்கினியர் உரையால் விளங்கும். உரையாசிரியர் தம் காலத்து வழக்கைப் பண்டைக் காலத்துக்கு ஏற்றியிருக்கலாம். எனினும் உறையும் உள்ளீடும் கொண்ட பண்டம் ஒன்று அக்காலத்தே விற்பனைக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை.

சங்க இலக்கியத்தில் யானைமுகக் கடவுள் பற்றிய குறிப்பு இல்லை. அவ்வழிபாடு தமிழ்நிலத்தில் வேரூன்றுவது பல்லவர், முற்காலப் பாண்டியர் காலத்திலேயே. எனவே பிள்ளையாரின் கைக்கு ஏறுமுன்னர் மோதகம் கூவியரின் தட்டில் இருந்தது. உழைக்கும் மக்கள் காசுகொடுத்தோ பண்டமாற்றாகவோ வாங்கி உண்ட நகர்ப்புறச் சிற்றுண்டி அது. பின்னர்க் கோயில் பெருநிலவுடைமை நிறுவனமாக வளர்ந்தபோது, சிறந்தன யாவும் முதலில் இறைவனுக்கு என்னும் நியதி உணவிலும் புகுந்தது. பிற்காலக் கல்வெட்டுகள் அப்பத்துக்கும் அமுதுக்கும் வேண்டிய அரிசி, நெய், வெல்லம் ஆகியவற்றை நாழி, உரி எனக் கணக்கிடுவதைக் காண்கின்றோம். தனியுடைமையான பண்டம் தெய்வ உடைமையாகிப் பின் பிரசாதமாக மக்களுக்கு மீள்கின்றது. மீளும்போது அது வரிசையும் தரமும் பார்த்தே மீள்கின்றது என்பதே இங்கு அவதானிக்கத்தக்கது.

ஒன்றை இடையே தெளிவுறுத்தல் வேண்டும். மதுரைக்காஞ்சியின் கூவியரையும் யாழ்ப்பாணத்துக் கோவியர் சமூகத்தையும் சொல்லொலி ஒப்புமை கொண்டு இணைத்தல் முறையன்று. இத்தகைய இணைப்புகள் சாதிகளுக்குப் பழமை தேடும் முயற்சிக்குப் பயன்படுமேயன்றி வரலாற்றுக்குப் பயன்படா.

3

யாழ்ப்பாணத்தில் கொழுக்கட்டை நிலைபெற்றமைக்கு அடிப்படையாக அமைந்தது குடாநாட்டின் வேளாண்மை ஒழுங்காகும். ஆறுகளில்லாத இச்சுண்ணக்கற் பூமியில் நெல் மாரிமழையை நம்பியே விளைகின்றது. தை, மாசியில் நெல் வீட்டுக்கு வருகின்றது. நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தில் பயறு விதைக்கப்படுகின்றது. பனையிலிருந்து கருப்பநீர் இறக்கும் பருவம் ஆண்டின் முற்பாதிக்குரியது. அதனைக் காய்ச்சி ஓலைக் குட்டான்களில் வார்த்த பனங்கட்டி ஆனி அளவில் வீடுகளில் சேர்ந்துவிடும். தேங்காய் ஆண்டு முழுவதும் கிடைப்பது. இவ்வாறு ஆடி முதல்நாள் வரும்போது உறைக்கு வேண்டிய அரிசியும் உள்ளுடனுக்கு வேண்டிய பயறும் இனிப்பும் ஒருங்கே கையிருப்பில் உள்ளன. அதேவேளை அடுத்த மழைக்கு இன்னும் மாதங்கள் உள. சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தின் நடுவே, கடந்த அரையாண்டின் விளைச்சலை ஒன்றுகூட்டி உண்ணும் நாளாக ஆடிப்பிறப்பு அமைகின்றது. சோதிட நோக்கில் அது தட்சிணாயனத்தின் தொடக்கம். உழவன் நோக்கில் அது இருப்பைக் கணக்கெடுக்கும் நாள். ஒரு கொழுக்கட்டையைப் பிரித்துப் பார்ப்பவன் வயலையும் தோட்டத்தையும் பனங்கூடலையும் ஒருசேரக் காணலாம்.

இவ்விழாவில் குருக்களுக்கு வேலையில்லை. முற்றத்தையும் அடுப்பங்கரையையும் மையமாகக் கொண்டு வீட்டுப் பெண்கள் நடத்துவது அது. கொழுக்கட்டையும் ஆடிக்கூழும் ஆக்கி விளக்கேற்றிப் படைத்துப் பின் பலாவிலையைக் கோலிக் கூழ் வார்த்துக் குடிப்பதே அதன் முழுச் சடங்கு. இத்தன்மை அதன் நிலைபேற்றுக்கு உதவியிருத்தல் வேண்டும். யாழ்ப்பாண அரசின் தலைநகராயிருந்த நல்லூர் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் கந்தசுவாமி கோயில் பிலிப் தெ ஒலிவேராவால் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் கோயில் மீண்டும் எழும்வரை சைவரின் பொதுவழிபாடு பெரும்பாலும் ஒடுக்கப்பட்டேயிருந்தது. கோயில் இடிந்தபோதும் உரலும் உலக்கையும் அடுப்பும் இடியவில்லை. வழிபாடு வீட்டுக்குள் ஒதுங்கிய அக்காலத்தில் உணவே சடங்கின் காவலாயிற்று. சுன்னாகம் வரத பண்டிதர் ஒல்லாந்தர் காலத்திற் பாடிய பிள்ளையார் கதை, விரத நாள்களில் வீடுகளிலும் கோயில்களிலும் இன்றுவரை படிக்கப்படுவதும் அதனுடன் மோதகம் படைக்கப்படுவதும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கன.

பற்சடங்கும் இவ்வகையதே. பல் முளைத்த குழந்தையை இருத்தி, தலைக்குமேல் வெண்துணியை விரித்து, பல்லுக் கொழுக்கட்டையைச் சொரிவர். பின்னர்ப் புத்தகம், எழுதுகோல், பொன் முதலியவற்றை முன்னே பரப்பிக் குழந்தை எதை எடுக்கின்றது எனப் பார்ப்பர். குழந்தை கடித்துண்ணத் தொடங்குவதை, அதாவது சமூகத்தின் பொதுவுணவில் பங்காளியாவதை, ஊர் ஏற்றுக்கொள்ளும் சடங்கு அது. ஒத்தது ஒத்ததைத் தரும் என்னும் தொல்மந்திர நம்பிக்கை, பற்போன்ற விளிம்பில் தெளிவாகத் தெரிகின்றது.

4

இப்பண்டத்தை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). ஆடிப்பிறப்பைப் பற்றிய அவரது சிறுவர் பாடல் ஈழத்துக் குழந்தை இலக்கியத்தில் மிகவும் அறியப்பட்டது. மறுநாள் பள்ளி விடுமுறை என்னும் களிப்பில் தொடங்கும் அப்பாடல், பயறு வறுத்துக் குத்துவது முதல் அரிசி இடித்து மா வறுப்பது, குழைப்பது, வில்லையாகத் தட்டுவது, உள்ளே கலவை இடுவது, அவிப்பது ஈறாகச் செய்முறை முழுவதையும் வரிசைப்படுத்துகின்றது. உண்ணும் இன்பத்தைவிட ஆக்கும் வேலைக்கே பாடலில் இடம் மிகுதி. இது அப்பாடலின் வலிமை. பண்டத்தின் பின்னால் உழைப்பு உண்டு என்பதைக் குழந்தை அதிலிருந்தே கற்கின்றது. உள்ளீட்டுக்குரிய சர்க்கரை வேலூரிலிருந்து வந்ததாகக் கூறப்படுவது ஆய்வாளருக்கு மேலும் ஒரு செய்தி. பனங்கட்டி கூழுக்குப் போக, வெளியூர்ச் சர்க்கரை கொழுக்கட்டைக்கு வருகின்றது. தன்னிறைவுக் கிராமம் என்னும் கற்பனைக்குள் சந்தை ஏற்கெனவே புகுந்துவிட்டது.

உழைப்பைப் பாடிய புலவர் அவ்வுழைப்பை முழுவதும் தாய் ஒருத்தியின் அன்புச் செயலாகவே காட்டுகின்றார். சிறுவர் பாடலில் அது இயல்பு, குற்றமுமன்று. ஆயின் வரலாற்றாசிரியன் அங்கு நிற்றலாகாது. நெல்லை விளைவித்தவர் யார்? பனையில் ஏறியவர் யார்? உரலருகே நின்றவர் யார்?

ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்சு தொகுத்து 1707இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத்து உடைமை வழக்குகளுடன் அடிமைகள் பற்றிய விதிகளையும் கூறுகின்றது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக நீக்கப்பட்டது 1844இலேயே. சட்டம் நீங்கியும் சாதிவழித் தொழில்முறை நீங்கவில்லை. பனையேறிச் சீவியவன் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவன். அவன் இறக்கிய கருப்பநீரை அவன் வீட்டுப் பெண்கள் காய்ச்சிப் பனங்கட்டியாக்கினர். அப்பனங்கட்டி உயர்சாதி வீட்டின் அடுப்பங்கரைக்கும் படையலுக்கும் தடையின்றிச் சென்றது. அதனை ஆக்கியவன் அவ்வீட்டின் கிணற்றில் நீர் அள்ளவும் அக்கோயிலின் வாயிலைக் கடக்கவும் முடியாதவனாக இருந்தான். கைபட்ட பொருளுக்குத் தீட்டில்லை, கைக்கு மட்டும் தீட்டு என்பது தூய்மைக் கோட்பாட்டின் தருக்கமன்று; அது சொத்துடைமையின் தருக்கம். உற்பத்தியாளனிடமிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் செயலைச் சமயத்தின் மொழியிற் கூறியதே தீண்டாமை.

அப்பாடலின் பள்ளி விடுமுறைக் களிப்பையும் இங்குச் சேர்த்து நோக்கல் வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியே திறந்திருக்கவில்லை. திறந்த இடங்களிலும் நிலத்திலேயே இருத்தப்பட்டனர். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சாதியொழிப்பையும் சமபந்தி போசனத்தையும் முன்வைத்ததும், 1930 அளவில் பள்ளிகளில் சம ஆசனம் வழங்கப்பட்டபோது ஆதிக்கசாதியார் மூர்க்கமாக எதிர்த்ததும் எமது அண்மைக்கால வரலாறு. ஒரே வாங்கில் இருப்பதும் ஒரே பந்தியில் உண்பதும் இரு போராட்டங்களல்ல, ஒன்றே.

5

இருபதாம் நூற்றாண்டில் கொழுக்கட்டையும் மோதகமும் வீட்டைவிட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன. மதுரைக் கூவியரின் இடத்தில் இப்போது தேநீர்க்கடை நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் வடையுடனும் சுசியத்துடனும் மோதகம் வைக்கப்பட்டது. விரதநாள் வேண்டியதில்லை, உறவும் வேண்டியதில்லை, சில சதங்கள் போதும். பணம் சாதி பார்க்காது என்பது முதலாளித்துவம் தன்னைப்பற்றிக் கூறும் கதை. யாழ்ப்பாணத் தேநீர்க்கடை அக்கதையைப் பொய்யாக்கியது. அதே காசைக் கொடுத்த ஒடுக்கப்பட்ட தொழிலாளி கடைக்கு வெளியே நின்று போத்தலிலோ தகரப்பேணியிலோ தேநீர் வாங்கிக் குடிக்கவேண்டியிருந்தது. அவன் கையில் எறியப்பட்ட மோதகத்தின் பனங்கட்டி அவனது சுற்றத்தான் இறக்கியதாகவும் இருக்கலாம்.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் இத்தகைய விலக்கைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது. வாங்கு கடையில் இருந்தது. இரண்டையும் இணைத்தது மக்கள் போராட்டமே. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலுக்குள்ளாகியும் நகரை அடைந்தது. அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க்கடைகளும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் போராட்டக் களங்களாயின. கடைவாயிலும் கோயில்வாயிலும் ஒரே இயக்கத்தின் இரு களங்களாக இருந்தமை தற்செயலன்று. பிரசாதமும் சிற்றுண்டியும் ஒரே பங்கீட்டு ஒழுங்கின் இரு முகங்கள். கே. டானியலின் பஞ்சமர் முதலாய நாவல்கள் இவ்வொழுங்கை உள்ளிருந்து காட்டின. யாழ்ப்பாணத்து உணவைப் பற்றிப் புலவரின் பாடலுடன் டானியலையும் சேர்த்துப் படிப்பவனே முழுமையாகப் படித்தவனாவான்.

பண்டத்தின் பொருளும் இக்காலத்தில் மாறியது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டின் பின் கோதுமை மா எமது அடுப்பங்கரையில் நிலையான இடம்பெற்றது. ‘அமெரிக்கன் மா’ என்னும் வழக்குச்சொல்லே அதன் தோற்றுவாயைக் காட்டும். அவித்த கோதுமை மா அரிசி மாவுடன் கலந்தது. சிலவேளை அதன் இடத்தையே பிடித்தது. சோமசுந்தரப் புலவர் மறைந்த 1953ஆம் ஆண்டிலேயே பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது. புலவரின் பாடலில் குறைவின்றி இடிபடும் அரிசி, நாட்டின் உழைப்பாளர் பலருக்கு எட்டாப் பொருளாகிக்கொண்டிருந்தது.

கோதுமை மாவின் வழி வேறொரு பண்டமும் போட்டிக்கு வந்தது. மடித்த மாவினுள் இறைச்சியோ மீனோ மரக்கறியோ வைத்துப் பொரிக்கும் பற்றீசும் றோல்சும் ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சியுடன் வந்த அடுப்பங்கரை மரபின் வழியின. உறை, உள்ளீடு, கையடக்கம் ஆகிய மூன்றிலும் அவை கொழுக்கட்டைக்கு ஒப்பானவை. வேறுபாடு ஆவிக்கும் எண்ணெய்க்கும் இடையிலும், வீட்டுக்கும் பேக்கரிக்கும் இடையிலும், படையலுக்கும் உத்தியோகத்தருக்குரிய தேநீர் விருந்துக்கும் இடையிலும் உள்ளது. இன்று யாழ்ப்பாணத்தான் இரண்டையும் தன்னுடையதாகவே கொள்கின்றான். 1983க்குப் பின் புலம்பெயர்ந்தோர் வாழும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் றோல்ஸ் ஈழத்தமிழரின் அடையாளப் பண்டமாகவே விற்கப்படுகின்றது. தூய மரபு, அந்நிய மரபு என்னும் பாகுபாடு உணவில் நெடுங்காலம் நிலைப்பதில்லை.

6

சுவைத்தின்பம் பற்றி ஒரு சொல். மார்க்சிய நோக்கு உண்ணும் இன்பத்துக்குப் பகையானது என எண்ணுவோர் உளர். உற்பத்தி நுகர்பொருளை மட்டுமன்றி நுகரும் முறையையும் நுகர்வோனையும் உருவாக்குகின்றது என 1857இல் எழுதிய முன்னுரையில் மார்க்ஸ் விளக்குகின்றார். பசி பசியே எனினும் அதனைத் தீர்க்கும் முறை வரலாற்றுக்குரியது என்பது அவர் கருத்து. கொழுக்கட்டையின் சுவை இவ்வுண்மைக்கு நல்ல உதாரணம். வறுத்த மாவில் கொதிநீர் சரியான அளவில் விழாவிடின் உறை வெடிக்கும் அல்லது கல்லாகும். பயறு மசியாமலும் வேகாமல் நில்லாமலும் இருத்தல் வேண்டும். விளிம்பைக் கிள்ளும் விரலுக்கு விரைவு வேண்டும். மா ஆறினால் ஒட்டாது. சுவையற்ற வெண்மையான உறையைக் கடந்து பற்கள் இனிப்பை எட்டும் அந்தக் கணத்தின் இன்பம், தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கைகளில் சேர்ந்த அறிவின் பயன். அவ்வறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை; அதற்குக் கூலியும் வழங்கப்படவில்லை. ஆலையில் மா இடிக்கும் வழக்கம் வந்தபின் உலக்கையின் பாரம் அவர்களின் தோளிலிருந்து இறங்கியமையை இழப்பெனப் புலம்புவோர், அவ்வுலக்கையைத் தாம் பிடித்தவரல்லர்.

பண்டத்தின் வரலாறு அமைதியான வரலாறுமன்று. 1990 முதலாகக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக்காலத்தில், சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்த தலைமுறை ஒன்று உருவாயிற்று. ஒதுக்கப்பட்டவரின் உழைப்பில் விளைந்த பனங்கட்டியே அப்போது அனைவரின் இனிப்பாயிற்று. 1995 யூலை 9ஆம் நாள் புலவரின் ஊராகிய நவாலியில் புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டுவீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமே இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. உரலும் அடுப்பும் அந்நியர் ஆட்சியில் எஞ்சின என மேலே கூறினோம். இம்முறை அவற்றையும் விட்டே மக்கள் போயினர்.

இன்று ஆடிப்பிறப்பு பள்ளிகளிலும் மன்றங்களிலும் பண்பாட்டு விழாவாகக் கொண்டாடப்படுகின்றது. பாடல் பாடப்படுகின்றது, கூழ் வார்க்கப்படுகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் விழா வெறும் ஏக்கமாகச் சுருங்குமாயின், பண்டைய யாழ்ப்பாணம் குறைவற்ற இன்ப வாழ்வுடையது என்னும் பொய்யையே அடுத்த தலைமுறை கற்கும். மேடையிற் கொழுக்கட்டையைப் போற்றும்போது அதன் உள்ளுடனை இறக்கித் தந்த சீவல் தொழிலாளியின் பெயரும், அதனைச் சமமாக இருந்து உண்ணும் உரிமைக்காக 1966இல் அடிபட்டோரின் வரலாறும் சேர்த்துக் கூறப்படுதல் வேண்டும். அவ்வரலாற்றைக் கேட்டோர் இன்னும் வாழ்கின்றனர். அவர்களின் வாய்மொழிச் சான்றுகளைக் கிராமந்தோறும் சென்று தொகுப்பது எமது பல்கலைக்கழகங்கள் உடனடியாகச் செய்யவேண்டிய பணியாகும்.